ஆஸ்பத்திரி யாருடையது?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்ட ஒருவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறக்கிறவர்களிடம், நீங்கள் போகிற ஆஸ்பத்திரி அரசாங்கத்துடையதா, தர்ம ஸ்தாபனமா, பங்குதாரர்களுக்கு லாபம் காட்ட வேண்டிய கம்பெனியா என்று வினவுவது ஈவிரக்கமற்ற செயலாகவே தோன்றும். ஆயினும், உள்ளே போனபின் எந்தப் பரிசோதனை எழுதப்படும், எந்தத் தாளில் கையெழுத்து வாங்கப்படும், விபரீதம் நேர்ந்தால் எந்தக் கதவைத் தட்டலாம் என்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கேள்வியின் விடையிலேயே அடங்கிக் கிடக்கிறது. ஆகவே தேகம் சௌக்கியமாக இருக்கும்போதே அதை விசாரித்து வைத்துக்கொள்வது உசிதம்.

தமிழ்நாட்டில், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்கி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரியாஸ்பத்திரி வரை ஒரு வரிசை அரசாங்கத்துடையது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த சி.எம்.சி., முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் நிலையம், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆகியவை தர்ம ஸ்தாபன வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது வகையில், கணவனும் மனைவியுமாக இரு டாக்டர்கள் மாடியில் குடியிருந்துகொண்டு கீழே நடத்தும் நர்ஸிங் ஹோமும் உண்டு. 1983-இல் சென்னையில் அப்போலோ தொடங்கியது முதல் பெருகிவந்த கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளும் உண்டு. பெயர்ப் பலகையில் ‘டிரஸ்ட்’ என்று எழுதியிருப்பதாலேயே பில்லில் தர்மம் இருந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

சொந்தக்காரர் யார் என்பதைக் காட்டிலும், பணம் எந்த வழியாக வருகிறது என்பதே ஸ்தாபனத்தின் சுபாவத்தை அதிகமாக நிர்ணயிக்கிறது என்பது என் அபிப்பிராயம். பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு மாதச் சம்பளம். கூடுதலாக ஒரு ஸ்கேன் எழுதுவதால் அங்கே அவருக்குக் காலணா லாபமில்லை. அங்குள்ள ஆபத்து சிகிச்சை மிஞ்சுவதில் இல்லை, குறைந்துபோவதில் இருக்கிறது: கூட்டம், காத்திருப்பு, ஸ்டிரெச்சர் தள்ளுவதற்கு நீளும் கை. ஆனால் மருந்து விஷயத்தில் நம் மாநிலம் பெருமைப்படலாம். 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்க, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனக்கு ஒதுக்கிய தொகை எழுதிய பாஸ்புத்தகத்தைக் கொண்டுபோய் வேண்டியதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு, பிற மாநிலங்கள் வந்து பார்த்துப்போன ஏற்பாடு.

தனியாரிடத்திலோ, நோயாளி அனுப்பிய டாக்டருக்குக் கமிஷன் தருவதை 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகள் தடைசெய்திருந்தும் அந்த வழக்கம் ஒழிந்தபாடில்லை. இதயத்தில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017-இல் மத்திய அரசு உச்சவிலை விதித்தபோது, லட்சத்தையும் தாண்டி விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய வகை 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அதுவரை அந்த விலையை ஏற்றிவைத்திருந்தது எது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அறை வாடகையையும், ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்ற ஒரே வரியில் கையுறை முதல் பஞ்சு வரை அடக்கிவிடும் கணக்கையும் அந்த உச்சவிலை கட்டுப்படுத்தாது. ஆதலால் இனவாரியாக எழுதிய பில்லைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை மட்டுமல்ல, அவசியமுமாகும்.

இவ்விரண்டுக்கும் நடுவே காப்பீடு வந்து நிற்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கொடுக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டு, கலெக்டர் அலுவலகத்திலுள்ள மையத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு நிர்ணயத் தொகை உண்டு. அதற்குள் அடங்கியதற்காக நோயாளியிடம் தனியே பணம் கேட்பது முறையல்ல. கேட்டால், 104-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

உரிமைகளில் முதன்மையானது, அவசர நிலையில் யாரும் கைவிரிக்கக் கூடாது என்பது. போலீஸ் கேஸ் என்ற காரணத்தால் முதலுதவியைத் தாமதிக்கலாகாது என்றும், அந்தக் கடமை அரசாங்க டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்கும் பொதுவானது என்றும் உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நிர்ணயித்த உச்சவரம்பு வரை அரசாங்கமே பணம் கொடுக்கிறது.

அடுத்தது சம்மதம். அட்மிஷன் கவுண்டரில், அச்சடித்த நாலைந்து தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பென்சிலால் புள்ளி வைத்த இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னால், பதற்றத்தில் படிக்காமலே போட்டுவிடுகிறோம். ஆபரேஷனின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகவே இருக்கும். பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்திலிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயாரிடம் கேட்டுவிட்டுக் கருப்பையை அகற்றியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறியது. சுயபுத்தியோடிருக்கும் வயதுவந்த நோயாளிக்காக, உயிர் போகும் அவசரமில்லாதபோது, வேறொருவர் சம்மதிக்க முடியாது. ஆகையால் அந்தக் காலி இடம் நிரம்பும் வரை பேனாவைத் திறக்க வேண்டியதில்லை.

சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்துமூலம் கேட்டால், மேற்சொன்ன 2002 விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எந்த முறையீட்டுக்கும் இதுவே அஸ்திவாரம், மற்றதெல்லாம் பிறகு.

சிகிச்சை பலிக்காததெல்லாம் கவனக்குறைவு ஆகாது என்பதை ஒப்புக்கொண்டே பரிகாரத்துக்கு வருவோம். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். அது பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம், நஷ்டஈடு தராது. ஆஸ்பத்திரியின் பதிவும் வசதிகளும் பற்றியதாயின் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரை அணுகலாம். நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம்; இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை, செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதாயின் கட்டணமும் இல்லை.

இங்கேதான் ஆஸ்பத்திரி எந்த வகை என்ற கேள்வி திரும்பவும் முளைக்கிறது. சிலரிடம் பணம் வாங்கி மற்றவர்களுக்கு இலவசமாகப் பார்க்கும் ஸ்தாபனத்தில், இலவச நோயாளியும் நுகர்வோரே என்றும், எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றும் 1995-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. பெயருக்குக் கட்டும் சீட்டுப் பணம் இந்நிலையை மாற்றாது. ஏழைக்கே இந்த வாசல் அடைபடுகிறது என்பது ஒரு விசித்திரம். எனினும் வேறு வாசல்கள் உண்டு. வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லையென்று அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்ப, அவர் கடைசியில் தனியாரிடம் பணம் கொடுத்துப் பிழைத்தார்; அது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறிய செயலென்றும், கையில் பணமில்லை என்று அரசாங்கம் நழுவ முடியாதென்றும் கூறி, 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அந்தப் பிரமாணத்தின் பேரில் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதியும் முறையிடலாம், சம்பவம் நடந்து ஓராண்டு முடிவதற்குள்.