தறிக்குழியில் ஒரு குடும்ப வரலாறு

அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. அவர்கள் பிறந்த குலமும், வென்ற போரும், விட்ட கொடையும் கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டுள்ளன. நிலமுடையோர்க்குப் பத்திரங்களாவது உண்டு. நாட்டு மக்களுக்கு உடை நெய்து கொடுத்த குடும்பங்களுக்கு என்ன ஏடு இருக்கிறது? அம்மாபேட்டையில் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்துவரும் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் இக்கேள்விக்கு விடை தேட முற்பட்டேன். என் தந்தையாரின் வாழ்க்கையையே அதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். குடும்ப மரபு என்பது பட்டயத்தில் மட்டும் இருப்பதன்று. தொழிலிலும் சொல்லிலும் நினைவிலும் இருப்பது. கேட்டு எழுதாவிடின் அது ஒரே தலைமுறையில் மறைந்துவிடும். இதுவே நான் கண்ட உண்மை.

வீடே தொழிற்கூடம்

சேலம் மாநகரின் கிழக்குப் பகுதியில் உள்ளது அம்மாபேட்டை. இங்கே செங்குந்தர் மிகுதியாக வாழ்கின்றனர். சேலம் நகர் முழுவதையும் நோக்கினால், கன்னடம் பேசும் தேவாங்கர், தெலுங்கு பேசும் பத்மசாலியர், சௌராட்டிர மொழி பேசுவோர் எனப் பல மொழி நெசவாளரையும் காணலாம். வீட்டில் பேசும் மொழி வேறாயினும் தறி இருக்கும் வீட்டின் வாழ்க்கை ஒன்றே.

எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் குழி வெட்டி, மிதிகளை அதனுள் அமைத்து, குழியின் விளிம்பில் அமர்ந்து நெய்வர். மண்ணின் ஈரம் நூலைக் காயவிடாது. ஆதலால் இழை அறுவது குறையும். நெடுக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கில் ஓடுவது ஊடை. கால் மிதியை அழுத்தும்போது பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கிறது. நாடா அதனூடே பாய்கிறது. அச்சு வந்து ஊடையை நெருக்குகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இவ்வளவுதான். ஆனால் இந்த ஓர் அசைவுக்குப் பின்னால் ஒரு குடும்பமே நிற்கிறது.

பாட்டியார் ராட்டையில் தார் சுற்றுவார். அம்மா நூல் இழைப்பார். அறுந்த இழைகளைப் பிணைப்பார். சமையலுக்கு இடையே தறியிலும் அமர்வார். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் தார்க்குச்சிகளை எடுத்துக் கொடுப்பர். தந்தையார் நெய்வார். துணி விற்கும்போது அதை நெய்தவர் பெயராக ஒருவர் பெயரே சொல்லப்படும், உழைப்போ நால்வருடையது.

இந்தக் குடும்ப அமைப்பின் வலிமைக்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கில அதிகாரியின் முயற்சியால் சேலத்தில் அரசு நெசவாலை ஒன்று தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733இல் கண்டுபிடித்த விசை நாடாவை நம் நெசவாளரிடையே பரப்புவதும் ஒரே கூரையின்கீழ் அவர்களை வேலை செய்யவைப்பதும் அதன் நோக்கங்கள். விசை நாடாவை நெசவாளர் நாளடைவில் ஏற்றுக்கொண்டனர், ஆலையை ஏற்கவில்லை. மனைவி மக்களின் துணையோடு சொந்த வீட்டில் நெய்வதையே அவர்கள் விரும்பினர். ஆலையும் நீடிக்கவில்லை. புதிய கருவியை வரவேற்று, வீட்டை விட மறுத்த அந்த முன்னோரைப் பழமைவாதிகள் என்று எப்படிச் சொல்வது?

பாவடி என்னும் பொதுவெளி

நெசவு வீட்டோடு முடிவதில்லை. பாவுக்குக் கஞ்சி போடுவதற்கு நீண்ட வெளி வேண்டும். அதற்கெனச் சமூகத்தார் பொதுவில் வைத்திருந்த இடமே பாவடி. விடியற்காலையில் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். ஒரு வீட்டாரால் மட்டும் ஆகிற வேலையன்று. அண்டை வீட்டார் கைகொடுக்க வேண்டும். இன்று நம் பாவுக்கு அவர் வந்தால், நாளை அவர் பாவுக்கு நாம் போக வேண்டும். மழை பெய்தால் அன்று யாருக்கும் வேலை இல்லை. சேலம், நாமக்கல் பகுதியின் நெசவூர்கள் பலவற்றில் பாவடி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அப்பெயரைச் சொல்லும் இளைஞருள் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரியும்?

கல்லில் எழுதியவர்கள்

நெசவாளர் வரலாறு எழுதப்படவே இல்லை என்று சொல்வதும் பொருந்தாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கைக்கோளர் நெசவாளராகவும் படைவீரராகவும் காணப்படுகின்றனர். விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் அவர்கள் பல்லக்கில் செல்லவும் சங்கு ஊதவும் பெற்ற உரிமைகளைக் குறிக்கின்றன.

இவற்றினும் வியப்பானது, மத்தியப் பிரதேசத்தில் மாண்டசோர் என்னும் ஊரில் கிடைத்த வடமொழிக் கல்வெட்டு. இன்றைய தென் குஜராத்தாகிய லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று அவ்வூருக்குக் குடிபெயர்ந்தது. அவர்கள் கி.பி. 437இல் ஞாயிற்றுக்குக் கோயில் எடுத்து, அது பழுதுற்றபோது 473இல் புதுப்பித்தார்கள். வத்ஸபட்டி என்ற புலவரைக்கொண்டு தம் வரலாற்றையும் பாடுவித்தார்கள். தம் முன்னோர் அவர்களே என்று சௌராட்டிர மக்களில் பலர் கருதுகின்றனர். அக்கல்வெட்டில் ஒரு செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. குடிபெயர்ந்தோருள் சிலர் நெசவிலேயே நின்றனர்; சிலர் வில்வித்தையையும், சிலர் கதை சொல்வதையும், சிலர் சோதிடத்தையும் மேற்கொண்டனர் என்று அது கூறுகிறது. தொழில் மாறுவது 1,500 ஆண்டுகளுக்கு முன்பும் நிகழ்ந்ததுதான். ஆனால் மாறுகின்ற காலத்திலேயே அவர்கள் தம் கதையை எழுதி வைத்தார்கள்.

இன்றைய நிலை

என் தந்தையார் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, 1982இல் தம் பதின்மூன்றாம் வயதில் தறியில் அமர்ந்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு குழிகளில் ஒன்று சிமெண்டு பூசி மூடப்பட்டுவிட்டது. இது எங்கள் வீட்டின் கதை மட்டுமன்று. இந்தியாவில் கைத்தறி நெசவாளரும் துணைத் தொழிலாளரும் 2009–10 கணக்கெடுப்பில் 43.31 இலட்சம், 2019–20 கணக்கெடுப்பில் 35.22 இலட்சம். இவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இவை துணியைக் காக்க உதவும். தந்தையாரின் நினைவைக் காக்க அவரவர் பிள்ளைகளே முன்வர வேண்டும்.

எவற்றை எழுதலாம்?

நான் ஒரு குறிப்பேடு தொடங்கியுள்ளேன். அதன் வழியாகக் கற்றவற்றைச் சொல்கிறேன். முதலில் வீட்டிலுள்ள மொய் நோட்டைத் தேடுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரம் அதில் இருக்கும். உறவின் விரிவை அதைவிடத் தெளிவாகக் காட்டும் ஏடு எங்கள் வீட்டில் இல்லை. அடுத்து, பழைய திருமண அழைப்பிதழ்கள், கூட்டுறவுச் சங்கப் புத்தகங்கள், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைப் பாருங்கள். பின்பு பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், குலதெய்வம் எங்கே, என்ன துணி நெய்தோம், நூலை யார் கொடுத்தார், கூலி எவ்வளவு என்று கேட்டால் ஒன்றிலிருந்து ஒன்றாகச் செய்திகள் வரும்.

தொழிற்சொற்களைத் தனியே குறியுங்கள். தறி நின்றால் முதலில் மறைவன அவைதாம். பெண்கள் பெயரை மறவாதீர்கள். என் தந்தையார் ஆண்வழியில் நான்கு தலைமுறைப் பெயர்களைத் தடையின்றிச் சொன்னார். பாட்டிமார் பெயரோ இரண்டு தலைமுறைக்கு மேல் அவர் நினைவில் இல்லை. பாட்டியாரைக் கேட்டபோதுதான் மூன்றாவது பெயரும், அவர் பிறந்த ஊரும் கிடைத்தன. தார் சுற்றிய கைகளின் பெயர் இல்லாமல் எழுதப்படும் நெசவுக் குடும்ப வரலாறு, ஊடை இல்லாத பாவு போன்றது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! உங்கள் தந்தையார் நெசவாளராக இருக்கலாம். உழவராக, கொல்லராக, லாரி ஓட்டுநராக இருக்கலாம். அவர் கற்ற தொழிலுக்கும் நடந்த பாதைக்கும் பாடநூல் கிடையாது. வரலாறு படிக்கும் நாம் பேரரசர்களின் வமிசாவளியை மனப்பாடம் செய்கிறோம். நம் கொள்ளுப்பாட்டியின் பெயரை அறியோம். அவரவர் தொழிலை அவரவர் தேர்ந்துகொள்ளலாம், அதில் குறையொன்றுமில்லை. ஆனால் விட்டுச் செல்லும் தொழிலை அறிந்து விட்டுச் செல்வோம். ஒரு நாற்பது பக்க நோட்டும், மாலையில் அரைமணி நேரமும் போதும். சொல்பவர் இருக்கும்போதே கேட்டு எழுதுவோமாக!