உங்களுக்குத் தெரியுமா? கப்பல் கேபினில் ஒரு விடிவிளக்கு

உல்லாசக் கப்பல்களில் கட்டணம் குறைந்த உள்பக்கக் கேபின்களுக்கு ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்துவிட்டால் இரவு பன்னிரண்டு மணியும் காலை பத்து மணியும் அங்கே ஒன்றுதான். வீட்டில் என்றால் தெருவிளக்கோ நிலாவோ பக்கத்து வீட்டு வெளிச்சமோ ஏதாவது ஒன்று உள்ளே கசியும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் துளி வெளிச்சமும் இல்லாத அறையில் எவ்வளவு நேரம் விழித்திருந்தாலும் கட்டிலின் விளிம்புகூடத் தெரியாது.

★

அந்த இருட்டில் ஆபத்தான இடம் பாத்ரூம் வாசல். ஷவர் தண்ணீர் அறைக்குள் வழியாமலிருக்க, பல கப்பல்களில் பாத்ரூம் நிலைப்படியை உயர்த்தி வைத்திருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் கால் தட்டுவது அங்கேதான். போதாததற்குத் தரையும் ஆடும். நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து உழைக்க வேண்டும். ஆடும் தளத்தில் காதும் காலும் தடுமாறும்போது மிஞ்சியிருக்கும் ஒரே துணை கண். அதையும் இருட்டு பறித்துவிடுகிறது. அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறுகிறவர்கள் எந்த நிகழ்ச்சிக்கு இடம் பிடிப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

★

பாத்ரூம் விளக்கை எரியவிட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்துவைப்பது கப்பல் பயணிகளின் பழைய வழக்கம். இதில் இரண்டு சிக்கல்கள். கப்பல் சாயும்போது கதவு தானாகத் திறக்கும் அல்லது அடித்துச் சாத்திக்கொள்ளும். இன்னொன்று, கண்ணாடியைச் சுற்றி முகச்சவரத்துக்காக வைத்த வெள்ளை விளக்குகள் தூக்கத்தைக் கலைத்துவிடும். நம் விழித்திரையில் பகலா இரவா என்று உடலுக்குச் சொல்லும் தனி செல்கள் இருக்கின்றன. அவை 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்குத்தான் அதிகம் விழித்துக்கொள்ளும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒளி அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. இரவில் கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜ் அறையை இருட்டாக வைத்துக்கொண்டு, வரைபட மேசைக்கு மட்டும் மங்கலான சிவப்பு விளக்கு வைப்பதும் கண்ணின் இதுபோன்ற இன்னோர் இயல்பை ஒட்டியே. இருட்டில் பார்க்க உதவும் செல்களைச் சிவப்பு ஒளி பெரிதாகக் கலைப்பதில்லை. விடிவிளக்கு வாங்கினால் வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள்.

★

எடிசனின் மின்விளக்கு அவருடைய மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து முதன்முதலில் வணிகரீதியாக எரிந்த இடம் ஒரு கப்பல்! 1880இல் கட்டப்பட்ட அமெரிக்கக் கப்பல் ‘கொலம்பியா’. அதன் உரிமையாளர் ஹென்றி வில்லார்டு மென்லோ பார்க்கில் விளக்குகள் எரிவதை நேரில் பார்த்து அசந்துபோனவர். ஆனால் பயணி நினைத்தபோது விளக்கைப் போட முடியாது. கேபினின் சுவிட்ச், வெளியே பூட்டிய மரப்பெட்டிக்குள் இருந்தது. கேபின் பணியாளரான ஸ்டூவர்ட் வந்து திறந்தால்தான் வெளிச்சம்.

★

2011இல் பயணத்தைத் தொடங்கிய ‘டிஸ்னி ட்ரீம்’ கப்பலில் உள்பக்கக் கேபின்களின் சுவரில் வட்டமான திரை வைத்தார்கள். கப்பலுக்கு வெளியே உள்ள கேமராக்கள் பார்க்கும் கடல் அப்படியே அதில் தெரியும். நடுநடுவே கார்ட்டூன் பாத்திரங்களும் எட்டிப்பார்க்கும். ராயல் கரீபியன் நிறுவனம் 2014இல் தரையிலிருந்து கூரைவரை உயர்ந்த திரையையே பால்கனி போல அமைத்தது. இதெல்லாம் இல்லாத கேபினிலும் ஒரு வழி உண்டு. பல கப்பல்களின் டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமராவுக்கென்று ஒரு சேனல் இருக்கும். சத்தத்தை அணைத்துவிட்டு அதை ஓடவிட்டால், ராத்திரி திரை கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். வெளியே விடியும்போது அறையிலும் விடியும். ஜன்னலில்லாத கேபினுக்கு இதைவிட நல்ல அலாரம் இல்லை.

★

கேபின் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடுகளால் ஆனவை. மேலே ஒட்டிய பூச்சு அதை மறைத்திருக்கும். அதனால் காந்தம் பிடித்துக்கொள்ளும். அடியில் காந்தம் வைத்த, பேட்டரியில் எரியும் சிறிய சென்சார் விளக்கைப் பாத்ரூம் நிலைப்படிக்குப் பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே ஒட்டிவையுங்கள். உடல் சூட்டின் அசைவை உணர்ந்து எரியும், நீங்கள் திரும்பிப் படுத்ததும் அணையும். உயரத்தில் ஒட்டினால் கண்ணில்தான் அடிக்கும், படி தெரியாது.

★

மெழுகுவத்தி, ஊதுவத்தி எதற்கும் கப்பலில் அனுமதியில்லை. வீட்டில் பயன்படுத்தும் சர்ஜ் ப்ரொடெக்டர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பை சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். காரணம் இருக்கிறது. நிலத்தில் மின்சாரத்தின் நியூட்ரல் கம்பியை எர்த்துடன் இணைத்திருப்போம். கப்பல்களில் பொதுவாக இரண்டு கம்பிகளையும் கப்பல் உடலோடு சேர்ப்பதில்லை. எங்காவது கோளாறு வந்தால், வீட்டுக்கென்று செய்த சர்ஜ் ப்ரொடெக்டர் ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும். மற்றதில் மின்சாரம் ஓடும். பெட்டி சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது.

★

1990 ஏப்ரல் 7, அதிகாலை. நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் ஃபிரடரிக்ஷாவுனுக்குப் போய்க்கொண்டிருந்த ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ பயணிகள் கப்பலில் தீ. சுவர்ப் பூச்சுகள் எரிந்து கக்கிய புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் கலந்திருந்தன. இறந்தவர்கள் 159 பேர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர் கேபினிலும் நடைபாதையிலும் வழி தெரியாமலே மாண்டார்கள். புகை முதலில் மேலே போய்க் கூரையை நிறைக்கும். கூரை விளக்கும், கதவுக்கு மேலே மாட்டிய ‘வெளியே’ பலகையும்தான் முதலில் மறையும். தவழ்ந்து வருகிறவனுக்கு எஞ்சுவது தரையோரம் மட்டுமே.

இன்றைக்குப் பயணிகள் கப்பலில் நடைபாதையில் தரையோரமாக ஓடும் ஒளிப்பட்டையை நீங்கள் கவனித்திருக்கலாம். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்கு மேல் அது போகக் கூடாது. திருப்பங்களிலும் முனைகளிலும் விட்டுப்போகக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் ஒளிர வேண்டும். இதற்கான விரிவான வழிகாட்டியைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1993இல் ஏற்றுக்கொண்டது. அதே 1993இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம், பகல் ஒளியைக் குடித்து இரவில் மணிக்கணக்காக உமிழும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொருளைக் கொண்டுவந்தது. பழைய துத்தநாக சல்பைடு சில நிமிடங்களில் மங்கிவிடும். கம்பியும் பேட்டரியும் இல்லாமல் ஒளிரும் பட்டைகள் பரவலானது இதனால்தான்.

★

நடைபாதைக்கு வந்த விதி கேபினுக்குள் நுழையப் பல ஆண்டுகள் ஆயின. 2010 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு கட்டப்பட்ட பயணிகள் கப்பல்களில், ஒவ்வொரு கேபினிலும் மின்சாரம் போனதும் தானே எரியும் விளக்கு இருக்க வேண்டும். கதவு எங்கே என்று காட்டும்படி, குறைந்தது 30 நிமிடம் எரிய வேண்டும். கவனியுங்கள்: இது மின்சாரம் போனால் மட்டும்தான். ஒவ்வொரு ராத்திரியும் பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறவர்களுக்கென்று எரிவதல்ல. இன்றைய கேபின்கள் பாத்ரூம், ஒயரிங் எல்லாம் முடித்துத் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு, இழுப்பறையைத் தள்ளுவதுபோல் கப்பலுக்குள் செருகப்படுகின்றன. அந்தக் கட்டத்தில் நிலைப்படியின் அடியில் ஒரு சின்ன எல்.இ.டி. சேர்ப்பது பெரிய வேலையே அல்ல. ஒவ்வொரு கப்பலிலும் அது இருந்தாக வேண்டும்.

★

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் பயணம் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’, 1990இல் பிரான்ஸில் கட்டப்பட்ட கப்பல். ஆகவே 2010க்குப் பிந்தைய கப்பல்களுக்கான கேபின் விளக்கு விதி அதற்குக் கட்டாயமல்ல. எந்தப் பழைய கப்பலில் ஏறினாலும் முதல் வேலையாக, மின்சாரம் போனால் கேபினில் என்ன எரியும் என்று ஸ்டூவர்டிடம் கேளுங்கள். தலையணைக்கு அருகே டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். போன் டார்ச்சை மட்டும் நம்ப வேண்டாம். சார்ஜ் தீர்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் தேவைப்படும்.

★

கப்பலின் முகப்பில் உள்ள கேபின்களில், இருட்டியதும் திரையை மூடச் சொல்லி அறிவிப்பு வைத்திருப்பார்கள். மேலே பிரிட்ஜில் நிற்கும் அதிகாரி இருட்டில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழேயிருந்து வரும் வெளிச்சம் அவர் கண்ணை மறைக்கும். கண்காணிப்பைக் கெடுக்கும் வேறு எந்த விளக்கும் இரவில் எரியக் கூடாது என்பது சர்வதேச மோதல் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது.

★

2017இல் சிட்னியிலிருந்து துபாய் நோக்கிச் சென்ற ‘சீ பிரின்சஸ்’, கடற்கொள்ளையர் அச்சத்தால் பத்து நாட்கள் அந்தி முதல் விடியல்வரை வெளிவிளக்குகளை அணைத்தே ஓடியது.

★

அண்டார்க்டிகாவுக்கு வடக்கே உள்ள தெற்கு ஜார்ஜியா தீவில் திரையை மூடச் சொல்வது பறவைகளுக்காக. மூடுபனி இரவுகளில் பெட்ரல் இனக் கடற்பறவைகள் கப்பல் விளக்குகளால் ஈர்க்கப்பட்டு, கண்ணாடியிலும் இரும்பிலும் மோதி விழுகின்றன. அங்கே போகும் கப்பல்கள் கேபின் ஜன்னல்களை வெளிச்சம் கசியாத திரையால் மூட வேண்டும். பாதுகாப்புக்குத் தேவைப்படாத தளவிளக்குகளையும் அணைக்க வேண்டும். அந்தப் பக்கம் போகிறவர்கள் சென்சார் விளக்கைப் பாத்ரூம் பக்கமே ஒட்டிக்கொள்ளலாம். ஜன்னலோரம் வேண்டாம்.