ஆபீஸ்ல ஒருத்தர் மயங்கி விழுந்தா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் யார் பார்த்துப்பாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கப்பட்டுள்ளது.)

நேரா ஒரு கேள்வி. உங்க ஆபீஸ்ல முதலுதவிப் பெட்டி எங்க இருக்குன்னு தெரியுமா? தெரியும்னா அடுத்த கேள்வி, அதுக்குப் பூட்டு இருக்கா? பூட்டு இருந்தா சாவி யார்கிட்ட? அவர் இன்னைக்கு வந்திருக்காரா, இல்ல வொர்க் ஃப்ரம் ஹோமா?

மூணாவது கேள்வியிலயே நிறையப் பேர் மாட்டிக்குவோம். அதனாலதான் இந்த எபிசோடு. கட்டு எப்படிப் போடறதுங்கறதை விட, ஒரு வேலை இடம் இதுக்கு எப்படித் திட்டம் போடணும்ங்கறதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

பெட்டி மட்டும் போதாது

2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் இதுக்கு ஒரு கணக்கு இருந்தது. 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வைக்கணும்னு இருந்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்தால் ஆம்புலன்ஸ் அறையே வேணும்னு இருந்தது. நம்மில் பலர் கவனிக்காத பகுதி ஒண்ணும் அதுலயே இருந்தது: ஒவ்வொரு பெட்டிக்கும் முதலுதவிச் சான்றிதழ் வாங்கின ஒருத்தர் தனியாகப் பொறுப்பில் இருக்கணும், வேலை நேரம் முழுக்க அவர் கிடைக்கணும்.

அதாவது சட்டம் பெட்டியையும் ஆளையும் ஒரே செட்டாகத்தான் பார்த்தது. நாம பெட்டியை வாங்கிச் சுவத்துல மாட்டிட்டு, ஆளை விட்டுட்டோம். "எங்களுது ஃபேக்டரி இல்லையே, ஐடி கம்பெனிதானே"ன்னு கேட்கலாம். சரிதான். ஆனா நெஞ்சுவலி ஃபேக்டரிக்கு மட்டும் வர்றதில்லையே. கணக்கு போட இது ஒரு நல்ல தொடக்கம், அவ்வளவுதான்.

நிமிஷக் கணக்கு

இதயத் துடிப்பு நின்னுபோனா, சில நிமிஷங்கள்லயே மூளை பாதிக்கப்பட ஆரம்பிச்சிடும். சிபிஆரும் இல்லாம, ஷாக்கும் கொடுக்காம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறையும்.

இப்போ உங்க கட்டடத்தை நினைச்சுப் பாருங்க. பத்தாவது மாடி. ஒருத்தர் விழறார். யாரோ பார்க்கணும், 108-க்குக் கூப்பிடணும். வண்டி டெக் பார்க் உள்ளே எந்த கேட்னு தேடணும். கார்டு தட்டினாத்தான் திறக்கிற கதவு, மதிய நேரத்து லிஃப்ட் கூட்டம், ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழையுமாங்கற பிரச்சினை. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமா வந்தாலும் கேட்டிலிருந்து பத்தாவது மாடிக்கு வர்ற நேரம் தனி. அந்த இடைவெளியில அவர்கிட்ட இருக்கப் போறது பக்கத்து சீட்டுக்காரர்தான். அதனால திட்டம் அவர்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

எத்தனை பேருக்குப் பயிற்சி?

"ஆபீஸுக்கு ரெண்டு பேர்"னு சொல்றது கணக்கே இல்லை. மாடி, ஷிஃப்ட், லீவு மூணையும் சேர்த்துப் போடுங்க. மூணு மாடி, ரெண்டு ஷிஃப்ட்னா எப்பவும் இருக்க வேண்டிய இடம் ஆறு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்று ஆள் சேர்த்தா பன்னிரண்டு. ஹைப்ரிட் ஆபீஸ்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். பயிற்சி எடுத்த எல்லாரும் ஒரே நாளில் வீட்டிலிருந்து வேலை பார்த்தா, பட்டியல் நோட்டீஸ் போர்டில் மட்டும்தான் இருக்கும்.

அடுத்து, யாருக்கு? வழக்கமா ஹெச்ஆர், அட்மின் ஆட்களை அனுப்புவாங்க. ஆனா அந்தக் கட்டடத்தில் காலையில் முதலில் வந்து ராத்திரி கடைசியில் போறது யாரு? செக்யூரிட்டி அண்ணன், ஹவுஸ்கீப்பிங் அக்கா, கேன்டீன் ஆட்கள். யாராவது விழுந்தா முதலில் ஓடி வர்றதும் அவங்கதான். ஆனா "கான்ட்ராக்ட் ஸ்டாஃப்"ங்கற ஒரே காரணத்துக்காகப் பயிற்சிப் பட்டியலில் அவங்க பேர் இருக்காது. இது அவங்களுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. ராத்திரி ஷிஃப்டில் இருக்கிற நம்ம உயிருக்கும் நஷ்டம். அவங்களுக்குத் தமிழிலேயே பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேளுங்க.

எந்த வேலை, என்ன ஆபத்துன்னும் பார்க்கணும். கேன்டீனில் தீக்காயம், குடோனில் விழறதும் நசுங்கறதும், டெலிவரி வேலைக்கு ரோடு விபத்து. எல்லாருக்கும் ஒரே பெட்டி, ஒரே வகுப்புன்னு வாங்கிப் போட்டா வேலைக்கு ஆகாது.

வீடியோ பார்த்தா வருமா?

வராது. பெரியவங்களுக்குச் சிபிஆர் செய்யும்போது நெஞ்சு 5 முதல் 6 சென்டிமீட்டர் அமுங்கணும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. அது எவ்வளவு ஆழம், ரெண்டு நிமிஷத்தில் கை எப்படி ஓய்ஞ்சு போகும்னு பொம்மை மேல அமுக்கிப் பார்த்தாத்தான் தெரியும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் நேரடி வகுப்பு நடத்துறாங்க. சான்றிதழ் வாங்கினதோட முடியலை. பயிற்சி இல்லேன்னா சில மாசத்திலேயே கை மறந்துடும். ஃபயர் டிரில் நடத்துற அன்னைக்கே பதினஞ்சு நிமிஷம் இதையும் சேர்த்துக்கலாம்.

இன்னொரு விஷயத்தை வெளிப்படையாப் பேசணும். விழுந்தது ஒரு பெண்ணா இருந்தா, பக்கத்தில் இருக்கிற ஆண்கள் தொடத் தயங்குவாங்க. பொது இடங்களில் பெண்களுக்குச் சிபிஆர் கிடைக்கிறது குறைவுன்னு வெளிநாட்டு ஆய்வுகளும் சொல்லுது. வகுப்பிலேயே இதைப் பேசி முடிக்கணும். "லேடி ஸ்டாஃப் வரட்டும்"னு காத்திருக்க அங்கே நேரம் இருக்காது.

பெட்டியில் என்ன?

கையுறை, ஸ்டெரைல் காஸ், ரோலர் பேண்டேஜ், முக்கோணக் கட்டுத்துணி, ஒட்டுற டேப், கத்தரிக்கோல், காயம் கழுவ சலைன். பஞ்சை நேரா காயத்தில் வைக்காதீங்க, நூல் ஒட்டிக்கும். மாத்திரையைப் பெட்டியில் போடாம இருக்கறது நல்லது. யாருக்கு எது ஒத்துக்காதுன்னு நமக்குத் தெரியாது. பெட்டிக்குப் பூட்டு வேண்டாம், மாசம் ஒரு தடவை எக்ஸ்பைரி பார்க்கணும்.

பெரிய கட்டடம்னா ஏஇடி கருவியும் கேட்டு வாங்குங்க. ஆன் பண்ணினா என்ன செய்யணும்னு அதுவே குரல்ல சொல்லும். ஷாக் தேவையில்லேன்னா கொடுக்கவும் கொடுக்காது.

நம்ம ஊர் கைவைத்தியம்

பயிற்சியில் பாதி வேலை, பழசை மறக்க வைக்கறதுதான்.

வலிப்பு வந்தா கையில் சாவிக்கொத்து கொடுப்போம். அதனால ஒரு பிரயோஜனமும் இல்லை. சுத்தி இருக்கிற நாற்காலியை நகர்த்துங்க, தலைக்குக் கீழே மெத்துன்னு ஏதாவது வைங்க, வாயில் எதையும் திணிக்காதீங்க, வலிப்பு நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. 5 நிமிஷம் தாண்டினா 108.

சுட்டுக்கிட்டா பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். ஓடுற குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம்.

மயங்கினவர் வாயில் தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும்.

முக்கியமா, நெஞ்சை அடைக்குது, வேர்த்துக் கொட்டுது, வலி கைக்கும் தாடைக்கும் பரவுதுன்னா, "கேஸ்தான், ஒரு சோடா குடி"ன்னு சொல்லி உட்கார வைக்காதீங்க. கேஸா இல்லையான்னு ஈசிஜி சொல்லட்டும்.

யார் என்ன செய்யணும்?

ஒருத்தர் பக்கத்தில் இருக்கணும். ஒருத்தர் 108-க்குப் பேசணும். ஒருத்தர் பெட்டியும் ஏஇடியும் எடுத்துட்டு வரணும். ஒருத்தர் கேட்டுக்கு ஓடி ஆம்புலன்ஸைக் கூட்டிட்டு வரணும். செக்யூரிட்டி லிஃப்டைப் பிடிச்சு வைக்கணும். "யாராவது கூப்பிடுங்க"ன்னு கத்தினா யாருமே கூப்பிட மாட்டாங்க. "நீல சட்டை, நீங்க கூப்பிடுங்க"ன்னு ஆளைக் காட்டிச் சொல்லணும்.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு நோட்டில் எழுதி வைங்க. ஒரே பேன்ட்ரி வாசலில் மூணு பேர் வழுக்கி விழுந்திருந்தா, நமக்குத் தேவை நாலாவது பேண்டேஜ் இல்லை, தரையைச் சரி பண்றது.

இந்த வாரம்

உங்க மாடியில் பெட்டி எங்கேன்னு போய்ப் பாருங்க. திறந்து தேதி பாருங்க. பயிற்சி எடுத்தவர் பேரைக் கேளுங்க. பேர் இல்லேன்னா அட்மினுக்கு ஒரு மெயில் போடுங்க, உங்க பேரையே முதல் ஆளா எழுதிக் கொடுங்க. பக்கத்து சீட்டு நண்பருக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. நீங்க விழுந்தா ஓடி வரப் போறது அவர்தானே.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.