அடையாளமிட்ட அணுக்கள்

பெரிய மந்தையில் தன் ஆட்டைப் பிரித்தறிய இடையன் அதன் காதில் ஒரு குறி இடுவதுபோல, நாம் உண்ணும் ஆகாரத்தின் அணுக்களுக்கும் குறியிட்டுச் சரீரத்துக்குள் அனுப்பினால், அவை செல்லும் வழியைக் கண்டுகொள்ளலாமல்லவா? 1931-இல் ஹெரால்ட் யூரி கண்டறிந்த டியூட்டீரியம் அத்தகைய குறியாயிற்று. ரசாயன குணத்தில் சாதாரண ஹைட்ரஜனைப் பெரிதும் ஒத்து, நிறையில் மாத்திரம் இருமடங்காகி, கதிர் எதையும் வீசாமல் நிலைத்திருப்பதே அதன் விசேஷம். பின்னர் நைட்ரஜன்-15-உம் இவ்வாறே கைகொடுத்தது.

ஜெர்மனியை விட்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர், 1930-களின் இறுதியில், நைட்ரஜன்-15 ஏற்றிய லூசின் என்னும் அமினோ அமிலத்தை, எடை மாறாதிருந்த வளர்ந்த எலிகளுக்கு மூன்று நாள் ஊட்டினார். வளர்ந்த சரீரம் கட்டி முடித்த வீடு, உண்பதில் பெரும்பகுதி அடுப்பில் இட்ட விறகாய் எரிந்து கழிவது என்பதே அதுவரை பரவலாக நிலவிய அபிப்பிராயம். அது மெய்யானால் அந்த நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரில் வெளிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பாதிக்கு மேற்பட்டது எலியின் புரதங்களிலேயே குடியேறியிருந்தது. லூசினில் மட்டுமா, வேறு அமினோ அமிலங்களிலும்! வீட்டின் செங்கற்கள் ஓயாமல் பெயர்க்கப்பட்டுப் புதியன பதிக்கப்படுகின்றன என்ற இந்த ஞானத்தை, அந்நூற்றாண்டின் மகத்தான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

இன்று கார்பன்-13 ஏற்றிய யூரியாவை அருந்தச் செய்து, மூச்சுக்காற்றைச் சோதித்து, இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியைக் கண்டுபிடிக்கிறார்கள். கதிர்வீச்சு இல்லாமையால், குழந்தைகளுக்கும் இச்சோதனையைச் செய்யலாம்.