யாரை நம்பிக் காட்டுக்குப் போவது?

டெக்சாஸ் பண்ணைகள் – 9

டெக்சாஸில் மான் வேட்டைக்குப் பருவம் உண்டு. ஒருவர் எத்தனை மான் சுடலாம் என்ற கணக்கும் உண்டு. காட்டுப்பன்றிக்கு இரண்டும் கிடையாது. ஆண்டு முழுக்க, இரவிலும் பகலிலும், எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். நில உரிமையாளரின் அனுமதி இருந்தால், தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை உரிமம்கூட வேண்டியதில்லை என்று 2019 செப்டம்பரில் சட்டமே மாறியது. சென்ற வாரம் பார்த்தபடி, பன்றிகள் செய்யும் பயிர்ச்சேதம்தான் இதற்குக் காரணம். ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஓட்டிவந்த வளர்ப்புப் பன்றிகளின் வழிவந்தவையும், 1930களில் வேட்டைக்கென்று கொண்டுவந்துவிட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்து பெருகி, இந்த மாநிலத்தில் மட்டும் இன்று இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டன.

மாநிலத்தின் நிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியாருடையது. அதனால் முதன்முறை போகிறவர் பெரும்பாலும் பணம் கட்டித்தான் போக வேண்டியிருக்கிறது. நிலம், மறைந்திருக்கக் கூண்டு, கூட வரும் கைடு, தங்குமிடம், இறைச்சி வெட்ட இடம் என எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தருபவர்களை இங்கே அவுட்ஃபிட்டர் என்கிறார்கள். கொலராடோ, மொன்டானா போன்ற மாநிலங்களில் இவர்கள் அரசு உரிமம் பெற்றிருக்க வேண்டும். டெக்சாஸில் வேட்டை கைடுகளுக்கு அப்படி ஓர் உரிமம் இல்லை. ஒரு பிக்கப் வண்டியும் குத்தகை நிலமும் இருந்தால் யாரும் தொழில் தொடங்கலாம். பன்றிக்கும் பாதுகாப்பு இல்லை, வேட்டை நடத்துபவருக்கும் தேர்வு இல்லை என்னும்போது, எல்லாம் அந்த மனிதரின் ஒழுங்கில்தான் நிற்கிறது. பணம் கட்டுமுன் நாம் எடைபோட வேண்டியது அதைத்தான்.

முதல் தொலைபேசிப் பேச்சிலேயே பாதி தெரிந்துவிடும். நல்ல அவுட்ஃபிட்டர் நம்மைக் கேள்வி கேட்பார். துப்பாக்கி பிடித்துப் பழக்கம் உண்டா, எவ்வளவு தூரத்தில் குறி தவறாமல் சுடுவீர்கள், பாதுகாப்புப் பயிற்சி முடித்தாயிற்றா, உடல்நலம் எப்படி என்று விசாரிப்பார். வந்திறங்கியதும் முதலில் அட்டைக் குறியில் நாலு குண்டு சுடச் சொல்வார். இதெல்லாம் எதுவுமே கேட்காமல், எந்தத் தேதி வேண்டும், முன்பணம் எப்போது வரும் என்று மட்டும் பேசுபவரிடம் போகாதீர்கள்.

நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஹெச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். அமெரிக்காவில் வழங்கப்பட்ட செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் இதற்கு விலக்கு உண்டு. பன்றிக்கு உரிமம் தேவையில்லை என்ற மாநில விதியை நம்பி, உரிமம் எடுக்காமல் அவுட்ஃபிட்டரின் துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்தால் குற்றம் நம் தலையில் விழும். குடியேற்ற நிலையே ஆட்டம் காணலாம். ஆகவே மாநில உரிமத்தை வாங்கிவிட்டுப் புறப்படுங்கள். விசா விவரத்தை அவரே கேட்டால், தொழில் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நிலம். சொந்தமா, குத்தகையா? பணம் வாங்கி வேட்டைக்கு விடுபவர் வேட்டைக் குத்தகை உரிமம் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. பன்றிகள் தாமே வந்து போகும் திறந்த நிலமா, உயர்ந்த வேலிக்குள் அடைத்தவையா என்றும் கேளுங்கள். ‘நூறு சதவீதம் உறுதி’ என்ற விளம்பரத்துக்குப் பின்னால் பல இடங்களில் வேலிதான் இருக்கிறது.

முறையையும் பேசி முடிவு செய்யுங்கள். இரவில் வெப்பக் காட்சிக் கருவி வைத்துச் சுடுவது, நாய்களை விட்டு மடக்குவது, ஹெலிகாப்டரிலிருந்து சுடுவது என்று பல வகை உண்டு. முதல் வேட்டைக்கு இவை எதுவும் வேண்டாம். காலையிலும் மாலையிலும் தானாக மக்காச்சோளம் தூவும் எந்திரத்தைப் பார்த்தபடி கூண்டில் அமர்ந்து, பகல் வெளிச்சத்தில், நின்றிருக்கும் பன்றியைச் சுடுவதே சரி. தனியார் நிலத்தில் ஆரஞ்சு உடை கட்டாயமில்லை. அப்படியும் அதைப் போட்டால்தான் இறங்க விடுவேன் என்பவர் பொறுப்பானவர்.

என் பார்வையில் ஒரு அவுட்ஃபிட்டரின் தரம், குண்டு பாய்ந்த பிறகுதான் தெரியும். பன்றியின் இதயமும் நுரையீரலும் மானைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களை ஒட்டி இருக்கின்றன. மானுக்குக் குறிவைக்கும் பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் சுட்டால் குண்டு குடலில் இறங்கும். முதிர்ந்த ஆண்பன்றியின் தோளில் தடித்த கேடயம் போன்ற தோல் வேறு. கொழுப்பும் மயிரும் காயத்தை அடைத்துவிடுவதால் இரத்தத் தடமும் சரியாக விழாது. அடிபட்ட பன்றி புதருக்குள் போனால் தேடப் போவது யார், தடம் பிடிக்கும் நாய் உண்டா, எவ்வளவு நேரம் தேடுவீர்கள்? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும். விளைச்சலை அழிக்கும் பிராணிதான். அதற்காக அதை இரவெல்லாம் துடிக்க விடும் உரிமை நமக்கு வந்துவிடவில்லை.

இறைச்சிக்கு வருவோம். டெக்சாஸ் வெயிலில் கறி விரைவில் கெடும். குளிர் அறை உண்டா என்று கேளுங்கள். காட்டுப்பன்றியிடமிருந்து புருசெல்லோசிஸ் மனிதருக்குத் தொற்றும். உரிக்கும்போது கையுறை போடச் சொல்கிறார்களா என்று பாருங்கள். கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை வேக வேண்டும். பன்றிகளைக் கொல்ல வார்ஃபரின் கலந்த தீனிக்கும் இங்கே அனுமதி உண்டு. அதைத் தின்ற பன்றியின் கொழுப்பு நீலமாக இருக்கும். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் அந்தத் தீனி வைத்திருக்கிறார்களா என்பது கைடுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பண விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தில் எத்தனை பன்றி அடக்கம், பெரிய ஆண்பன்றிக்குக் கூடுதல் உண்டா, மழை வந்தால் முன்பணம் திரும்புமா, காயம்பட்டுத் தப்பியது கணக்கில் சேருமா? பல இடங்களில் சேரும். அது நியாயமும்கூட, அவசரப்பட்டுச் சுடும் கையை அந்த விதி தடுக்கும்.

கடைசியாக, முன்பு வந்துபோனவர்களின் எண்களைக் கேளுங்கள். பெரிய பன்றியோடு படம் எடுத்துக்கொண்டவர் எல்லாரையும் புகழ்வார். வெறுங்கையோடு திரும்பிய ஒருவரின் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். அவரும் ‘மறுபடி அங்கேதான் போவேன்’ என்றால் தயங்காமல் முன்பணம் அனுப்பலாம். அப்படி ஒருவரையும் காட்ட முடியாத அவுட்ஃபிட்டருக்காக அவசரப்படாதீர்கள். டெக்சாஸில் பன்றிக்குப் பருவம் இல்லை. நல்லவர் கிடைக்கும்வரை காத்திருந்தால் ஒன்றும் கைநழுவிப் போகாது.

(தொடரும்)