நிறச்சாய்வுக் கோடு

நிறச்சாய்வுக் கோடு என்பது, கணினி வரைகலை மென்பொருள்களில் வரையப்படும் கோட்டுக்கு ஒரே நிறத்தைக் கொடுக்காமல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிறங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறுமாறு நிறமூட்டும் முறையாகும். வடிவமைப்பாளர்களிடையே இது கிரேடியண்ட் ஸ்ட்ரோக் என்ற பெயரிலேயே பெரிதும் வழங்குகிறது. சின்னங்கள், செயலிப் படவுருக்கள், சுவரொட்டி எழுத்துகள் முதலியவற்றில் இது பயன்படுகிறது.

அடிப்படை

திசையன் வரைகலையில் ஒரு பாதைக்குத் தடிமன் கிடையாது. அது செல்லும் வழியை மட்டுமே கணினி நினைவில் வைக்கிறது. அந்த வழியின்மேல் பூசப்படும் மையே கோடு. நிறச்சாய்வு என்பது நிறப்புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு நிறப்புள்ளிக்கும் ஒரு நிறமும், 0 முதல் 100 விழுக்காடு வரையிலான ஓர் இடமும், ஒளிபுகாமை அளவும் உண்டு. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட நிறங்களை மென்பொருளே கணக்கிட்டு நிரப்புகிறது.

மூன்று முறைகள்

அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் கோட்டுக்கு நேரடியாக நிறச்சாய்வு தரும் வசதி 2012-இல் வெளியான சிஎஸ்6 பதிப்பில் வந்தது. அதில் மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது, கோட்டுக்குள் அமைவது. வடிவம் முழுவதன்மீதும் நிறச்சாய்வு விரிக்கப்பட்டு, கோடு இருக்கும் இடத்தில் மட்டும் அது தெரிகிறது.

இரண்டாவது, கோட்டின் நீளவாக்கில் அமைவது. பாதை எங்கு வளைந்தாலும் நிறம் அதனுடனேயே வளைந்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை செல்கிறது.

மூன்றாவது, கோட்டின் அகலவாக்கில் அமைவது. ஓரங்களில் அடர்நிறமும் நடுவில் வெளிர்நிறமும் கொடுத்தால் கோடு குழாய் போலத் தோன்றும்.

ஒரு வட்டத்தைக் கொண்டு வேறுபாட்டை அறியலாம். சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் சாய்வை முதல் முறையில் கொடுத்தால் வட்டத்தின் இடப்பக்கம் சிவப்பாகவும் வலப்பக்கம் நீலமாகவும் இருக்கும். இரண்டாம் முறையில் நிறம் வட்டத்தைச் சுற்றிவரும். பாதை தொடங்கிய இடத்தில் நீலமும் சிவப்பும் முட்டி ஒரு வெட்டு தெரியும். முதல் நிறப்புள்ளிக்கும் கடைசி நிறப்புள்ளிக்கும் ஒரே நிறத்தைக் கொடுத்தால் அந்த வெட்டு மறையும்.

செய்முறை

இல்லஸ்ட்ரேட்டரில் பேனாக் கருவியால் பாதையை வரைந்து, கோட்டின் தடிமனைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். 10 புள்ளி அளவு இருந்தால் நிறமாற்றம் தெளிவாகத் தெரியும். எக்ஸ் விசையை அழுத்தி, நிரப்பு நிறத்துக்குப் பதிலாகக் கோட்டு நிறம் முன்னால் வருமாறு செய்ய வேண்டும். பின் கிரேடியண்ட் பலகத்தைத் திறந்து, மேற்கண்ட மூன்று முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நிறப்பட்டையின் அடியில் சொடுக்கினால் புதிய நிறப்புள்ளி சேரும். அதை இருமுறை சொடுக்கி நிறத்தை மாற்றலாம்.

கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் கோட்டுக்கு நேர்கோட்டுச் சாய்வும் ஆரச் சாய்வும் தரலாம். இவை மேலே கூறிய முதல் முறையைச் சேர்ந்தவை. நிறம் பாதையைப் பின்தொடர வேண்டுமானால், பாதையைச் சிறு துண்டுகளாக்கித் தனித்தனியே நிறமூட்டுவது ஒரு வழி.

கோப்பை ஏற்றுமதி செய்யும்போது

இணையத்துக்கான எஸ்விஜி வடிவம் 2001-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது. அதில் நேர்கோட்டுச் சாய்வும் ஆரச் சாய்வும் உண்டு. பாதையின் நீளவாக்கில் செல்லும் சாய்வு இல்லை. எனவே அவ்வகைக் கோடுகள் ஏற்றுமதியின்போது பிக்சல் படமாகவோ பல சிறு வடிவங்களாகவோ மாற்றப்படலாம். அவ்வாறு மாறிய கோட்டின் வளைவையும் தடிமனையும் முன்போல் திருத்த முடியாது. மூலக்கோப்பைத் தனியே சேமித்து வைப்பது இதனால் அவசியமாகிறது.

எஸ்விஜியில் மற்றொரு சிக்கலும் உண்டு. நிறச்சாய்வின் அளவுகள் இயல்பாக வடிவத்தின் எல்லைப்பெட்டியை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. அந்தப் பெட்டியில் கோட்டின் தடிமன் சேராது. முற்றிலும் கிடையாகவோ செங்குத்தாகவோ உள்ள நேர்கோட்டின் பெட்டிக்கு ஒரு பக்க அளவு 0 ஆகிவிடுவதால், உலாவியில் அந்தக் கோடு தெரியாமலே போகும். சாய்வின் அளவுகளை வரைபரப்பின் ஆயத்தொலைவுகளில் தருவதும், கோட்டை நிரப்பப்பட்ட வடிவமாக மாற்றுவதும் இதற்கான தீர்வுகள்.

நிறத் தேர்வு

எதிரெதிர் நிறங்களை நேரடியாக இணைத்தால் நடுப்பகுதி மங்கிவிடும். சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 0, 0, 255 கொண்ட நீலத்துக்கும் 255, 255, 0 கொண்ட மஞ்சளுக்கும் நேர்நடுவில் மூன்று அளவுகளும் ஏறத்தாழ 128 ஆகின்றன. அது சாம்பல் நிறம். இரண்டுக்கும் இடையே பச்சை நிறப்புள்ளி ஒன்றைச் சேர்த்தால் கோடு முழுவதும் துலக்கமாக இருக்கும்.

மிக நெருங்கிய இரு நிறங்களை நீண்ட கோட்டில் பரப்பினால் பட்டைகள் தென்படலாம். எடுத்துக்காட்டாக, 20 படிகளே வேறுபடும் இரு சாம்பல் நிறங்களை 1000 பிக்சல் நீளத்தில் பரப்பினால் ஒவ்வொரு படியும் சுமார் 50 பிக்சல் அகலம் பெறும். நிறங்களுக்கு இடையேயான வேறுபாட்டைக் கூட்டினால் பட்டைகள் குறுகி, கண்ணுக்குப் புலப்படாமல் போகும்.