சாவியைத் திருப்பி மாட்டிய திருடன்

ஆக்ஸ்ஃபோர்டில் நார்த்மூர் சாலையில் ஒரு வீடு. அப்பா பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். நாலைந்து வயதுப் பொடியன் கிறிஸ்டோபர் குறுக்கே புகுந்து ஆட்சேபம் தெரிவிக்கிறான். கதாநாயகன் பில்போவின் வீட்டு வாசல் கதவு போன தடவை நீலமாக இருந்ததாம், இப்போது பச்சையாகிவிட்டதாம்! அப்பா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய் மேசையில் குறித்துவைக்கிறார்.

அந்த அப்பா ஜே. ஆர். ஆர். டோல்கீன். அந்தக் கதை 1937 செப்டம்பர் 21 அன்று 'தி ஹாபிட்' என்ற புத்தகமாக வந்தது. முதலில் அச்சடித்த 1,500 பிரதிகளும் டிசம்பருக்குள் காலி. புத்தகம் எல்லோரும் படித்ததுதான். எனக்குப் பித்து பிடித்திருப்பது அதன் பின்கட்டு மேல். வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே போவோம்.

கையெழுத்துப் பிரதிகள் அமெரிக்காவில் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தொடக்கத் தாள்களில் காண்டால்ஃப் என்று ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் மந்திரவாதி இல்லை, குள்ளர்களின் தலைவர்! மந்திரவாதியின் பெயர் பிளாடோர்தின். இன்னொன்றைக் கேளுங்கள்: ஒரு கட்டத்தில் டிராகனைப் பில்போவே குத்திக் கொல்வதாகத்தான் திட்டம். அந்தக் குறிப்பைப் பற்றித் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்படி நடந்திருந்தால் அவர் இன்னொரு வீரர், அவ்வளவுதான். நல்லவேளை, அம்பு வில்லாளி பார்டின் கைக்குப் போனது. பில்போ கடைசிவரை திருடராகவே இருந்தார்.

அதுவும் என்ன திருடர்! வயது 50. அவரைக் கேட்காமலேயே, புத்தகத்தில் மந்திரவாதியாகிவிட்ட காண்டால்ஃப் அவர் வீட்டுக் கதவில் குறி கீறி, கன்னம் வைக்க ஆள் இங்கே இருக்கிறார் என்று, டிராகனிடமிருந்து புதையலை மீட்கக் கிளம்பும் குள்ளர்களுக்குச் சொல்லிவிடுகிறார். கூலி, லாபத்தில் பதினாலில் ஒரு பங்கு. மனிதர் கைக்குட்டைகூட எடுக்காமல் ஓடிவருகிறார். முதல் கைவரிசை ட்ரோல் என்னும் அரக்கன் ஒருவனின் சட்டைப்பையில். உள்ளே இருந்த பணப்பையே வாய் திறந்து கத்திவிட, கையும் களவுமாகப் பிடிபடுகிறார்.

அடுத்தது, போட்டவரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் மோதிரம். பின்கட்டின் பெரிய ரகசியம் இங்கேதான். 1937 பதிப்பில் விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக, குகையில் வாழும் கோல்லம் என்ற பிராணி சொல்கிறது. தோற்றதும் தேடிப் பார்த்துக் காணாமல் (அதுதான் ஏற்கெனவே பில்போவின் பையில் இருக்கிறதே!) கெஞ்சிக் கெஞ்சி மன்னிப்புக் கேட்கிறது, வழியும் காட்டுகிறது! பிறகு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வளர வளர, அந்த மோதிரம் யாரும் மனதார விட்டுக்கொடுக்கக்கூடியதாக இல்லாமல் போனது. 1947-ல் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதி, மாதிரிக்கென்று பதிப்பகத்துக்கு அனுப்பிவைத்தார். 1950-ல் அச்சுப்படி வந்தபோது அசந்துபோனார். மாதிரி என்று அனுப்பியது புத்தகத்துக்குள்ளேயே ஏறியிருந்தது! 1951 பதிப்பு அப்படியே வந்தது. பழைய கதை என்னவாயிற்று? அது பில்போ கூட்டாளிகளிடம் சொன்ன பொய் என்று ஆக்கிவிட்டார். எழுத்தாளரின் திருத்தம் பாத்திரத்தின் பொய்யாக மாறுகிற இந்த இடத்தை நினைத்தாலே எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

புதிய வடிவத்தில்தான் அந்தக் காட்சி கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பில்போ, கையில் வாள், வழியை மறித்தபடி நிராயுதபாணியாகக் கோல்லம். இரக்கம் வருகிறது. குத்தாமல் இருட்டில் அதன் தலைக்கு மேலே தாவிக் குதித்து ஓடுகிறார். பில்போ வளர்ந்தது டிராகன் குகையில் என்பார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தாவலில்.

குள்ளர்களைச் சிறைவைத்த எல்ஃப் அரசனின் மாளிகையில் பல நாள் ஒளிந்து ஒளிந்து சாப்பிடுகிறார். காவல் தலைவன் மதுவில் மயங்கித் தூங்கும்போது சாவிக்கொத்தை உருவி, குள்ளர்களைத் திறந்துவிடுகிறார். அப்புறம் நடப்பதைப் பாருங்கள்: காவலனுக்குத் திட்டு குறையட்டும் என்று சாவியைத் திரும்பவும் அவன் இடுப்பில் மாட்டிவிடுகிறார்! பதின்மூன்று பேரையும் பீப்பாய்களில் அடைத்த பிறகுதான், தனக்கென்று ஒரு பீப்பாய் வைத்துக்கொள்ளவில்லை என்பது உறைக்கிறது.

டிராகன் ஸ்மாகின் குவியலிலிருந்து எடுத்தது இரண்டு கைப்பிடி வைத்த ஒரு கோப்பை. பழைய ஆங்கிலக் காவியமான 'பெயோவுல்ஃப்' படித்தவர்களுக்குச் சட்டென்று பொறி தட்டும். அங்கேயும் ஒரு திருடன் கோப்பையைத் தூக்க, டிராகன் விழித்துக்கொள்கிறது. டோல்கீன் அந்த மொழிக்கே பேராசிரியர். அந்தக் காவியத்துக்குத் தான் பட்ட கடனை 1938-ல் அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

கடைசித் திருட்டு ஆர்க்கென்ஸ்டோன். குள்ளர் தலைவர் தோரின் உயிராக மதிக்கும் மணியைத் தன் பங்கு என்று எடுத்து, மூட்டை கட்டித் தலைக்கு வைத்துப் படுக்கிறார். பிறகு ஓர் இரவு, சண்டையைத் தடுக்க, அதை, புதையலில் பங்கு கேட்டு முற்றுகையிட்டிருக்கும் எதிர்த் தரப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார். அங்கேயே தங்கச் சொல்கிறார்கள். மாட்டேன் என்கிறார். நள்ளிரவுக் காவலுக்குக் குள்ளர் பாம்பரை எழுப்புவதாகச் சொல்லியிருந்தாரே! கயிறு பிடித்து ஏறிப்போய் எழுப்பியும் விடுகிறார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஊர் திரும்பும் வழியில் எல்ஃப் அரசனுக்கு வெள்ளியும் முத்தும் கோத்த ஒரு மாலை தருகிறார். அவர் வீட்டில் திருடித் தின்ற ரொட்டிக்கும் குடித்த மதுவுக்கும் ஈடாக!

வீட்டுக்கு வந்தால் வாசலில் கூட்டம். பில்போ செத்துவிட்டார் என்று சொல்லி அவர் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். தன் தட்டுமுட்டுச் சாமான்களில் பலவற்றைத் தானே காசு கொடுத்து மீட்கிறார். வெள்ளி ஸ்பூன்களில் பல மட்டும் கிடைக்கவே இல்லை. எடுத்தது சொந்தக்காரர்கள்தான் என்று அவருக்குக் கடைசிவரை சந்தேகம்.